சார்ஜர் மேல் உறைந்த தயிர்

என் வீட்டுக்காரருக்கு வயிறு வலிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். வலிக்கிறவர் பேசாமல் ஒருக்களித்துப் படுத்துக்கொள்வார். நான் அடுக்களையில் பாத்திரங்களை உருட்டுவேன். பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும் என்பதைக் கல்யாணமான முதல் வருஷமே அவர் கண்டுபிடித்துவிட்டார். "சத்தம் ஜாஸ்தியா இருக்கே, என்னைப் பத்தி ரொம்பக் கவலைப்படுத போல" என்று படுத்தபடியே சொல்வார். அப்புறம் எப்படிக் கோபத்தை இழுத்துப் பிடிப்பது?

அவர் இராஜபாளையத்தில் ஒரு சந்துக்குள் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். லாரி பேட்டரி, டிராக்டர் பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி என்று உயிர் போன எதைக் கொண்டுவந்தாலும் பிரித்து, கெட்டுப்போன பிளேட்டை எடுத்துப் போட்டு, நல்லதை வைத்து, ஈயத்தை உருக்கி இணைத்து, ஆசிட் ஊற்றிச் சார்ஜில் போட்டுக் கொடுத்துவிடுவார். நான் அதே ஊரில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் காஸ் துணி மடிக்கிறேன். ஆஸ்பத்திரியில் காயத்தின் மேல் வைக்கிறார்களே, அந்த வலைத்துணிதான். சாயங்காலம் நான் தலையெல்லாம் பஞ்சாக வருவேன், அவர் கையெல்லாம் சாம்பல் நிறமாக வருவார். எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. வாசலில் நிற்பவள் என்னைத் தாண்டி அவரிடம்தான் ஓடுவாள். அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவாள். சோற்றை அவர் கையால் பிசைந்து ஊட்டினால்தான் அவளுக்கு இறங்கும். நான் ஊட்டினால் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, விழுங்காமல், என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பத்து மாதம் சுமந்தது நான்.

வலி ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. கேஸ் என்றார்கள், அல்சர் என்றார்கள். ஒருவர் குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் போட்டுத் தட்டிவிட்டார். தட்டிய பிறகு இரண்டு நாள் நன்றாக இருந்து, மூன்றாம் நாள் மறுபடியும் சுருண்டு படுத்தார். முகம் வெளுத்துப் போனது. ஸ்பேனர் கையிலிருந்து நழுவுகிறது என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு நான் உருட்டிய உருட்டில் ஒரு குக்கர் மூடி நசுங்கியது.

என் பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண் ரப்பையை இழுத்துப் பார்த்தார், பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். ஒரு வருஷமாக எத்தனையோ பேரிடம் போயிருக்கிறோம், அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. பேட்டரிக் கடை என்றதும் உதட்டை விலக்கி, டார்ச் அடித்து, ஈறின் ஓரத்தை எனக்குக் காட்டினார். பேனாவால் கோடு போட்டதுபோல் நீலமாக ஒரு வரி இருந்தது. தினமும் பார்க்கிற சிரிப்பில் இப்படி ஒன்று இருப்பதை நான் கவனித்ததே இல்லை.

ஈயம் உடம்பில் சேர்ந்தால் அப்படிக் கோடு விழுமாம் என்று ரத்தம் எடுத்து அனுப்பினார், ஒரு வாரம் கழித்து ரிசல்ட்டுக்கு மறுபடி போனோம். ரத்தத்தில் ஈயம் இருக்கவே கூடாதாம். இவருக்கு வந்த அளவைப் பார்த்துவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாத்திரையெல்லாம் பொறவு. முதல்ல உள்ள போறது நிக்கணும். கடையில ஒரு வாய் சாப்பிடக் கூடாது, தண்ணி கூடக் குடிக்கக் கூடாது. மாஸ்க் போடணும். குளிச்சிட்டு, வேற சட்டை போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். வீட்டுல குழந்தை இருக்கா?"

"ஒரு பிள்ளை இருக்கு சார். அது கடைப் பக்கமே வராது" என்றார் இவர். அத்தோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மத்தியானம் என் பிறந்த வீட்டில் சாப்பிட்டோம். என் தங்கை மதுரையில் நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். தயிர், மோர், புளித்த மாவு இவற்றிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அதை ஈயம் கலந்த தண்ணீரில் விட்டு, எவ்வளவு ஈயத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. இத்தனை நாள் அவள் என்ன படிக்கிறாள் என்று நாங்கள் யாரும் ஒழுங்காகக் கேட்டதில்லை. அன்றைக்கு இவர் கேட்டார்.

"அத்தான், இந்த பாக்டீரியாவுல சில வகையோட மேல்தோல்ல ஈயம் போயி ஒட்டிக்கிடும். குடல் அதை உறிஞ்சுறதுக்கு முன்னால இது பிடிச்சுக்கிட்டா, மலத்தோட வெளியே போயிரும். குடலோட சுவரையும் அது கொஞ்சம் காப்பாத்தும். எலிக்குக் கொடுத்துப் பாத்திருக்காங்க. மனுசங்களுக்கு எம்புட்டுத் தூரம் பலிக்கும்னு இன்னும் சரியாத் தெரியல. வீட்டுத் தயிர்ல அந்த வகை இருக்கும்னும் சொல்ல முடியாது."

இவர் கையிலிருந்த மோர்த் தம்ளரை மரியாதையாகப் பார்த்தார். "அப்ப இது வயித்துக்குள்ள வாட்ச்மேன் வேலை பாக்குது."

"வாட்ச்மேன் இருக்கான்னு கதவைத் தொறந்து போட்டுட்டுத் தூங்கக் கூடாது, அத்தான்."

அவள் கடைசியாகச் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் மில்லுக்குப் போகிறவர்கள் வேலை முடிந்ததும் ஒரு வெல்லக்கட்டியை வாயில் போட்டுக்கொள்வார்கள், நெஞ்சிலுள்ள பஞ்சுத்தூசியை அது இறக்கிவிடும் என்று. என் அப்பாவும் போட்டுக்கொண்டவர்தான். பேட்டரிக் கடைக்காரர்களுக்கு அதேபோல் வாழைப்பழம். தூசி உள்ளே போகாமல் பார்ப்பதைவிட, போன தூசியை இறக்கிவிடுவதில்தான் எங்களுக்கு நம்பிக்கை அதிகம். அந்த நம்பிக்கைக்கு இப்போது மதுரையில் படித்த கொழுந்தியாளின் சர்ட்டிபிகேட் வேறு கிடைத்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால் பால்கோவா கிண்டுகிற பால், அதில் தோய்த்த தயிர் கெட்டியாக இருக்கும். அம்மா வீட்டு உறைமோரைச் சின்னத் தூக்கில் ஊற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். சரியாகப் பதினைந்து நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார், மாஸ்க் போட்டார். பிறகு மார்கழி வந்தது. வீட்டில் பால் உறையாமல் கொழகொழவென்று நின்றது.

ஒருநாள் வேலைக்கு நடுவில் எனக்கு வீடியோ கால் வந்தது. கம்பெனியில் போனை எடுத்தால் சூப்பர்வைசர் முறைப்பார். ஆனாலும் எடுத்தேன். திரையில் ஒரு மண்கலயம். அதை அவர் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். உள்ளே இருந்த தயிர் விழவில்லை.

"பாத்தியாட்டி! நாலு மணி நேரம்!"

பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுகிற அந்தப் பெரிய இரும்புப் பெட்டி எந்நேரமும் இளஞ்சூடாகவே இருக்கும். அதன் மேல் கலயத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். ஊரே தயிர் உறையவில்லை என்று புலம்பிக்கொண்டிருக்க, இவருக்கு மட்டும் பாறைபோல் உறைந்திருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"கடையில சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"இது சாப்பாடு இல்லட்டி, மருந்து."

எனக்கும் அது சரியென்றே பட்டது, அதுதான் வெட்கக்கேடு. இன்னும் கேளுங்கள். தட்டு போட்டு மூடினால் வேர்த்துத் தண்ணீர் விடுகிறது, உங்கள் கம்பெனித் துணியில் ஒரு துண்டு கொண்டுவா என்றார். கழிவில் போட்டிருந்த காஸ் துணியை எடுத்து, இரண்டாக மடித்து, ஓரம் தைத்து, கலயத்தின் வாயில் கட்ட நாடாவும் வைத்துக் கொடுத்தேன். புருஷன் மருந்துக்குப் பெண்டாட்டி கைவேலை என்று எனக்குப் பெருமை வேறு.

மிஞ்சிய தயிர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தது. அதைச் சோற்றில் விட்டு, உப்புப் போட்டுப் பிசைந்து, மகளை மடியில் இருத்தி ஊட்டுவார். வீட்டுத் தயிரைப் புளிப்பு என்று தள்ளுகிறவள், "கடைத் தயிர்! கடைத் தயிர்!" என்று தட்டைத் தட்டுவாள். "எனக்குக் காவலா இருக்கது பிள்ளைக்கும் காவலா இருக்கட்டுமே" என்பார் அவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தபோது, குறைய வேண்டியது கூடியிருந்தது. டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கடையில சாப்பிடுறீங்களா?"

"இல்ல சார்."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் மருந்து சாப்பாட்டில் சேராது. நானும் வாயைத் திறக்கவில்லை.

தங்கைக்கு போனில் சொன்னேன். "உள்ள போற வழி ஒண்ணு எங்கயோ தொறந்து கெடக்குக்கா. நான் சனிக்கிழமை வாரேன், கடையைப் பாக்கணும்" என்றாள். சொன்னபடியே வந்தாள். எனக்கு அன்று அரை நாள் வேலை, நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். அவள் தரையைப் பார்த்தாள், பிளேட் உடைக்கிற கல்லைப் பார்த்தாள், ஈயம் உருக்குகிற சட்டியைப் பார்த்தாள். கடைசியில் சார்ஜர் பக்கம் திரும்பினாள்.

"அது என்னது அத்தான்?"

அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. இரண்டு கையாலும் கலயத்தை இறக்கி, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். "உன் வாட்ச்மேன்தான். பாரு, எப்பிடி வளத்திருக்கேன்னு."

அவள் நாடாவை அவிழ்க்கவில்லை. வலைத்துணியின் மேல் ஒற்றை விரலை வைத்துத் தேய்த்தாள். விரலைத் திருப்பிக் காட்டினாள். நுனி சாம்பல் நிறமாக இருந்தது. பிறகு துணியைத் தூக்கி, தயிரின் மேலாடையைப் பார்த்தாள். வெள்ளையில் மெல்லிய கறுப்புப் புள்ளிகள். சுட்ட மண்ணின் துகள் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"புளிப்பு ஈயத்தைக் கரைச்சு எடுத்துக்கிடும், அத்தான். பாக்டீரியா அதுல கொஞ்சத்தைப் பிடிச்சிருக்கும். பிடிக்காதது எம்புட்டுன்னு யாருக்குத் தெரியும்? குடலுக்குள்ள காவல் இருக்க வேண்டியதுக்கு நீங்க வெளியவே ஈயத்தை ஊட்டி விட்டிருக்கிய." துணியை மறுபடி மூடிவிட்டுக் கேட்டாள்: "இதை யாரெல்லாம் சாப்பிடுதிய?"

"நான் மட்டும்தான். பொறவு சாயங்காலம் வீட்டுல பாப்..."

அந்த வார்த்தையை அவர் முடிக்கவில்லை. கலயம் இன்னும் அவர் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவராகச் சுற்றுமுற்றும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கத்துவேன் என்று காத்திருந்தார். எனக்குச் சத்தமே வரவில்லை. அதுதான் தன்னை நடுங்க வைத்தது என்று பிற்பாடு சொன்னார்.

திங்கட்கிழமை மகளை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனோம். பஸ்ஸில் அவள் அவர் மடிக்குத் தாவப் பார்த்தாள். அவர் ஜன்னலோரம் ஒடுங்கி, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டார். விடிந்ததிலிருந்து எத்தனை முறை சோப்புப் போட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது. விரல் தோல் வெளிறிச் சுருங்கியிருந்தது. ஊசியைக் கண்டதும் அவள் "அப்பா, அப்பா" என்று அலறினாள். அவர் சுவரோடு நின்றார்.

"பிடிங்க அவளை" என்று அப்போதுதான் கத்தினேன். "கழுவித்தான வச்சிருக்கிய, பிடிங்க!"

பிடித்துக்கொண்டார். ரத்தம் அந்தச் சின்னக் குழாயில் ஏறி முடிகிறவரை அவர் பிடியைத் தளர்த்தவில்லை.

ரிசல்ட் வர ஒரு வாரம். கடையை மூடிவிட்டு அந்த வாரம் முழுக்க ஈரத்துணியால் சுவரையும் தரையையும் துடைத்தார். பின்பக்கம் குளிக்க ஒரு குழாய் போட்டு, தட்டி வைத்து அடைத்தார். நான் கம்பெனியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அந்தத் துணியின் கண்களை நாள் முழுக்கப் பார்க்கிறவள் நான். காற்றுப் போகட்டும் என்றுதான் அதை அப்படி நெய்கிறார்கள். காற்றுப் போகிற வழியில் தூசி போகாதா? யாராவது தெருவில் கேட்டிருந்தால் நானே சிரித்திருப்பேன். மடித்த கட்டை மூன்று தடவை பிரித்து மறுபடி மடித்தேன். என் பிள்ளையின் மூளை வளர்கிற வயசு இது என்பதைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை.

டாக்டர் ரிப்போர்ட்டை மேசையில் வைத்து, எங்கள் பக்கமாகத் திருப்பினார். இருக்கக் கூடாத அளவுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஈயத்தை எடுக்க வேண்டிய அளவுக்குப் போகவில்லை. "வழியை அடைச்சாச்சுன்னா மெல்ல இறங்கும். இரும்புச்சத்து குறையாம பாத்துக்கோங்க. வயித்துல அது இருந்தா ஈயத்துக்கு அவ்வளவு இடம் கிடைக்காது. அடிக்கடி டெஸ்ட் பண்ணிப் பாப்போம்." இறங்கும் என்ற சொல்லை அவர் இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்தே இருந்தோம்.

அதன்பிறகு அவர் மாறிய மாற்றத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கடையிலேயே குளியல், நகத்தைப் பிரஷ்ஷால் தேய்ப்பது, கடைச் சட்டை கடையிலேயே, செருப்பு வாசலுக்கு வெளியே. மகளுக்கும் சொல்லி வைத்தோம். அவள் ஓடிப் போகாமல் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் வந்ததும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார், அவள் ஒவ்வொரு நகமாகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவாள். அத்தனைக்கும் பிறகு தூக்குவார், கதை சொல்வார், யானையாகக் குனிந்து முதுகில் ஏற்றுவார். சோறு மட்டும் ஊட்ட மாட்டார். நான் ஊட்ட, அவள் கன்னத்தில் ஒதுக்க, அவர் எதிர்ச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அவள் கேட்டாள்: "அப்பா, உன் கை எப்பச் சரியாகும்?" அவர் குனிந்து கையைப் பார்த்தார். "டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அந்தக் கடைத் தயிரில் கொஞ்சத்தை என் தங்கை மதுரைக்கு எடுத்துப் போயிருந்தாள். ஈயத்துக்கு நடுவிலேயே வளர்ந்த பாக்டீரியா, தன் வேலைக்கு ஆகுமா என்று பார்க்கப் போகிறாளாம். இவர் போன் பண்ணும்போதெல்லாம் விசாரிப்பார்: "நம்ம ஆளுங்க எப்பிடி இருக்காங்க?"

"நல்லாத்தான் பிடிக்காங்க அத்தான். ஆனா நீங்க கையைக் கழுவுங்க."

இப்போது வீட்டில் தயிரை நான்தான் தோய்க்கிறேன். குளிர்ந்த நாளில் பாத்திரத்தை அரிசிப் பானைக்குள் இறக்கி வைத்தால் உறைந்துவிடுகிறது. மூடி, கனமான எவர்சில்வர் மூடி. குளித்துவிட்டு வந்து ஒரு கிண்ணம் சாப்பிடுவார். மருந்து என்று சொல்வதில்லை. வயிற்று வலி விட்டுவிட்டது. அவருடைய அளவு ஆமை வேகத்தில் இறங்குகிறது, எலும்புக்குள் போய் உட்கார்ந்தது அப்படித்தானாம்.

சென்ற மாதம் மகளுக்கு மறுபடி பார்த்தோம். டாக்டர் ரிப்போர்ட்டை எங்கள் பக்கம் திருப்பவில்லை. மேசைக்கு மேலாக எட்டி, அவள் கையிலேயே கொடுத்தார். "பாஸாயிட்டே. நல்லா இறங்கிருச்சு." அவள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பஸ் முழுக்க வாசித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது நல்ல பசி. தட்டில் சோற்றைப் போட்டுத் தயிர் விட்டேன். அவள் என் முன்னால் உட்காரவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனாள். அவருடைய வலது கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நகத்தைப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். பிறகு அந்தக் கையைக் கொண்டுபோய்ச் சோற்றில் வைத்தாள்.

"பிசை."

அவர் என்னைப் பார்த்தார். கை சோற்றிலேயே அசையாமல் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது.

"பிள்ளை பசியோட நிக்கா. என்னை எதுக்குப் பாக்குதிய?" என்று கத்திவிட்டு, கையிலிருந்த மூடியைத் தரையில் போட்டேன். அது உருண்டு, சுற்றி, நிற்பதற்கு நேரமானது. அவர் பிசைந்தார். ஒரு சின்ன உருண்டை உருட்டி அவள் வாயில் வைத்தார்.

அவள் வாயை மூடினாள். பிறகு எங்கள் இருவருக்கும் தெரியும்படி நன்றாகத் திறந்து காட்டினாள். கன்னத்தில் எதுவும் இல்லை, விழுங்கியிருந்தாள்.